சத்தத்தைக் கெடுக்கிற பெட்டி

கள்ளக்குறிச்சி
8.6.2025

அன்புத் தங்கை நான்சிக்கு,

அண்ணன் டேவிட் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அண்ணி மார்கரெட்டும் நலம். என் சர்க்கரை என்னைவிட நலம், மாதாமாதம் வளர்கிறது. மலைமேல் உன் உடம்பும் உன் விடுதிப் பிள்ளைகளின் உடம்பும் எப்படி? போனிலேயே கேட்டிருப்பேன். உன் பள்ளிக்கூடத்தில் டவர் கிடைக்க வேண்டுமானால் நீ ஒரு கிலோமீட்டர் நடந்து பாறைமேல் ஏற வேண்டும். ஏறினாலும் "ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் வழக்கம்போல் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் இளவரசன் கையில் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். நவம்பர் பதினாறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலம் முடிந்ததும் சாயங்காலம் இசைக்குழுவின் அரைமணி நேரக் கச்சேரி. கீபோர்டில் நான், அதை யாரும் கேட்கமாட்டார்கள். கிடாரில் நீ; அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற உன் பழைய டிஸ்டார்ஷன் பெட்டியைப் போன வாரம் திறந்து பார்த்தேன். உள்ளே எறும்புகள் தனிச் சபை ஸ்தாபித்திருக்கின்றன. காணிக்கை எடுக்காததுதான் குறை.

இப்போது டிஜிட்டலில் ஒன்று வந்திருக்கிறது. காலால் மிதிக்கிற பெடல்தான், சோப்பு டப்பா அளவு. ஆனால் திருகைத் திருப்பினால் பேர்பெற்ற பழைய பெட்டிகள் பதினொன்றின் கரகரப்பையும் அப்படியே எடுத்துக் காட்டுகிறதாம். என் பாஷையில் சொன்னால் ஜெராக்ஸ். இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான் மதிக்காவிட்டால் இந்த விஞ்ஞானத்தை யார் மதிப்பது?

ஆசீர்வாதம் மாமாவிடம் சொன்னேன். சபைச் செயலாளர் ஆனதிலிருந்து அவர் தும்மினாலே தீர்மானம் நிறைவேறியது போல இருக்கிறது. "நல்லாப் போய்க்கினு இருக்கிற சத்தத்த எதுக்குடா துட்டு குடுத்துக் கெடுக்கிற? கரகரன்னுதான வேணும்? மைக்க எங்கிட்ட குடு, நான் பாடறேன்" என்றார்.

வாங்கலாமா, வேண்டாமா? கிடார் உன்னுடையது, காதும் உன்னுடையது. நீ சொன்னால்தான்.

மிளகு வந்திருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

உன் அண்ணன்,
டேவிட்


வெள்ளிமலை
19.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நலம். பள்ளி திறந்து நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் மழை. மிளகு இப்போது கிடையாது. நீ கேட்கிற மாதத்தில் எதுவுமே விளையாது. கடுக்காய்தான் அனுப்பியிருக்கிறேன். உன் சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள், சர்க்கரைதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெடல் விஷயம். ஜெராக்ஸ் என்பதில் தப்பில்லை. ஆனால் உன் கடை ஜெராக்ஸ் மாதிரி இருக்கக்கூடாது. நீ எடுத்துக் கொடுக்கிற ஆதார் அட்டைகளில் ஊரே உடன்பிறந்தவர்களாகத் தெரிகிறது.

இரண்டு பரீட்சை வைத்துப் பார். ஒன்று: நாலு விரலையும் விரித்துப் பிடித்து, ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் அடிக்கச் சொல். கரகரப்புக்குள்ளும் ஆறும் ஆறு பேராகக் கேட்க வேண்டும். கூழானால் வேண்டாம். இரண்டு: கிடாரில் சத்தத்தைக் குறைத்தால் கரகரப்பு தானாக அடங்க வேண்டும். பெரியவர் வந்ததும் குரலைத் தாழ்த்துகிறவர்கள் இல்லையா, மரியாதை தெரிந்த பெட்டி அப்படித்தான் இருக்கும்.

இரண்டிலும் தேறினால் வாங்கிவிடு. பண்டிகைக்கு நான் ஒரு புது உருப்படி வைத்திருக்கிறேன். சுண்டுவிரல்தான் அதில் கதாநாயகி. தினமும் ஒரு மணி நேரம் அவளை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் நீ கீபோர்டை மூடிவிட்டுக் கைதட்டுவாய். அதுதான் சபைக்கும் நல்லது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
நான்சி


கள்ளக்குறிச்சி
6.7.2025

பிரியமான நான்சிக்கு,

நலம். கடுக்காயை விழுங்கிவிட்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலானால் காரணம் அதுதான்.

உன் பரீட்சைத் தாளோடு நேற்றுப் புதுச்சேரி போனேன். கடையில் விற்பனைக்கு இருக்கிற பெண் பெயர் இலக்கியா. வயது இருபத்தைந்து இருக்கும், அவள் பார்க்கிற பார்வைக்கு எண்பது. "சார், கிடார் வாசிக்கிறது நீங்களா?" என்றாள். "என் தங்கச்சி" என்றேன். "அதான பாத்தேன்" என்றாள், என் விரல்களைப் பார்த்தபடி. ஸ்டேப்ளர் பிடித்த விரல் எது, கம்பி பிடித்த விரல் எது என்று தூரத்திலிருந்தே தெரிகிறதாம்.

அவளே வாசித்துக் காட்டினாள். அடடா, நான்சி! முதல் எண்ணில் வெல்லப்பாகு கொதிக்கிறது. நாலாவதில் கரும்பு லாரி மேடு ஏறுகிறது. எட்டாவது, தொண்டை கட்டிய நாளில் ஆசீர்வாதம் மாமா செய்கிற ஜெபம். பதினொன்றாவதில் எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய சத்தத்தை அவ்வளவு சின்ன டப்பாவுக்குள் மடித்து வைத்தவன் கையில் முத்தம் கொடுக்க வேண்டும். உன் இரண்டு பரீட்சையிலும் முதல் வகுப்பு. ஆறு கம்பியும் ஆறு பேர்தான். நான் எண்ணினேன். உன் சுண்டுவிரல் நாயகிக்கு இதைவிடப் பொருத்தமான வரன் அமையாது.

இதற்குள் வீட்டில் ஒரு விபரீதம். "பெடல் வாங்கப் போறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். உன் அண்ணி தன் தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்க மூன்று வருடமாகக் கேட்கிறாள். அந்த மோட்டாரோடு காலால் அழுத்துகிற பெடல் ஒன்று வருமாம். "நெஜமாவாங்க?" என்றாள். அன்று மத்தியானம் வஞ்சிரம் வறுத்தாள். மீனைப் பார்த்த பிறகு உண்மை பேச யாருக்கு வாய் வரும்? மறுநாள் எதிர்வீட்டு செல்லியம்மாள் வந்து, "மார்கரெட்டு, உன் வூட்டுக்காரரு தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கம் இப்போது கடையிலேயே படுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறது.

ஆகட்டும் என்று ஒரு வரி எழுது. இந்த மாதக் கடைசிவரை எடுத்து வைக்கிறேன் என்று இலக்கியா சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
டேவிட்


கள்ளக்குறிச்சி
2.8.2025

நான்சிக்கு,

நலம். நீ நலமா? கேள்விதான், பதிலைக் காணோம்.

ஒரு வரிதான் கேட்டேன். நாலு வாரம் ஆகிறது. இளவரசனைப் பிடித்து, "கடிதத்தக் குடுத்தியா, இல்ல டிக்கெட்டுன்னு கிழிச்சிட்டியா?" என்றேன். "டீச்சர் ஊர்ல இல்ல சார். சேலம் போயிருக்காங்களாம். பள்ளிக்கூடத்துலதான் குடுத்துட்டு வந்தேன்" என்கிறான். உங்கள் துறையில் வருடத்துக்கு ஏழு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, அதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பாறைமேல் ஏறியாவது போன் செய்திருக்கலாம்.

மார்கரெட்டுக்கு உண்மை தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. மூன்று நாளாக ரசம். பரிமாறுகிற அவள் முகம் ரசத்தில் தெரிகிறது. என் முகத்தைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

இலக்கியாவிடம் இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். எழுது.

டேவிட்


வெள்ளிமலை
17.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சேலத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. திரும்பி வந்ததும் பள்ளியில் வேலை குவிந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துவிடு.

பெடல் வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் பதினொரு பெட்டியின் சத்தத்தை ஒரு பெட்டி செய்வது அப்படி என்ன அவசியம்? பண்டிகைக்கும் என்னை எதிர்பார்க்காதே. வடக்கனந்தல் சபையில் சந்தியா என்று ஒரு பெண் நன்றாக வாசிக்கிறாளாம், அவளைக் கூப்பிடு. வயதானவர்கள் வழிவிட வேண்டும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது. பலாப்பழம் முடிந்தது. விடுதிச் சமையல்கார அம்மா சின்னப்பொண்ணு தினமும் காலையில் எனக்குச் சடை பின்னிவிடுகிறார். ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணிக்கு இரண்டு ரவிக்கை அனுப்பியிருக்கிறேன். கொக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டு வேறு ஏதாவது சுலபமாகப் போடுகிற மாதிரி வைத்துத் தரச் சொல். அவசரம் இல்லை.

தங்கை,
நான்சி

பின்குறிப்பு: சும்மாதான் கேட்கிறேன். அந்தப் பெட்டியில் ஆறு கம்பியை விட்டுவிட்டு இரண்டே கம்பியை மட்டும் பிடித்து அடித்தால் எப்படி இருக்கும்? இரண்டு விரல்தான், அதற்கு மேல் இல்லை. ஒருமுறை அடித்தால் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கும்? புதுச்சேரிப் பக்கம் போனால் மட்டும் கேள். இதற்காகப் போக வேண்டாம்.


கள்ளக்குறிச்சி
31.8.2025

பிரியமான சோம்பேறிக்கு,

நலம். கோபத்தில் இருக்கிறவன் நலமாகத்தான் இருப்பான்.

வழிவிட வேண்டுமாம்! நாற்பத்தாறு வயசில் உனக்கு என்ன வழி, என்ன விடுதல்? தியாகதுருகத்தில் நம் சபைப் பெண் தமிழ்மொழியின் கல்யாண வரவேற்பு ஞாபகமிருக்கிறதா? பாட்டு நடுவில் உன் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மிச்சமிருந்த ஐந்து கம்பியில் அந்தப் பாட்டையே வேறு இடத்துக்கு நகர்த்திக் கொண்டுபோய் முடித்தாய். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று மேடையிலேயே கும்பிட்டிருப்பேன், மாப்பிள்ளை வீட்டார் தங்களைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்களே என்று விட்டேன். சந்தியா நல்ல பெண்தான், நன்றாகத்தான் வாசிக்கிறாள். ஆனால் அவளே உன்னைக் கேட்டு வாசிக்கிறவள்.

உன் பின்குறிப்புக்காகவே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். பதினொன்றாம் எண்ணில் இலக்கியா இரண்டே கம்பியை அடித்தாள். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அடித்துவிட்டுக் கையெடுக்காமல் என்னைப் பார்த்தாள். நான் எண்ணினேன், பதினெட்டு வரை. சத்தம் அப்படியே நின்றது. "சார், மத்த நம்பர்ல சரி, இவ்ளோ கெட்டியான கரகரப்புல ஆறு கம்பியும் அடிச்சா கூழாப்பூடும். ரெண்டுதான் நிக்கும். தடிக் கம்பிய ஒரு படி எறக்கிக் கட்டிட்டாங்கன்னா ஒரே வெரலப் படுக்கப் போட்டே புடிக்கலாம்" என்றாள். பிறகு கிடாரைக் கீழே வைத்துவிட்டு, "வாசிக்கிறவங்களுக்குக் கை நல்லாத்தான இருக்குது சார்?" என்று கேட்டாள். "கை நல்லாத்தான்மா இருக்குது. வயசாயிடுச்சுன்னு சோம்பல்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சின்னப்பொண்ணு சடை பின்ன, நீ இரண்டு விரலால் கச்சேரி செய்ய, நல்ல காலம்தான் உனக்கு. ரவிக்கைகளை மார்கரெட்டிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள். உன்மேலும் கோபம் போலிருக்கிறது.

ஒழுங்காக "வாங்கு" என்று எழுது.

டேவிட்

நான்சி, இது மார்கரெட். உங்க அண்ணன் கடுதாசிய மடிக்கப் போனாரு, புடுங்கிக்கினேன். கொக்கிய எல்லாம் எடுத்துட்டு ஒட்டுற பட்டி வெச்சிருக்கேன், ஒரு கையால இழுத்தா ஒட்டிக்கும். முப்பது வருசமா ரவிக்கை தைக்கிறேன். கொக்கி வேணாம்னு ரெண்டு பேருதான் சொல்லுவாங்க. ஒண்ணு, கைப்புள்ளக்காரி. இன்னொண்ணு யாருன்னு உனக்குத் தெரியும். உங்க அண்ணனுக்கு ஒண்ணும் வெளங்கல.

எந்தக் கை?


வெள்ளிமலை
21.9.2025

அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

நலம் என்று ஆரம்பித்துப் பொய் எழுதினேன். இந்த முறை அந்த வரி இல்லாமல் ஆரம்பிக்கிறேன்.

இடது கை, அண்ணி.

ஜூலை எட்டாம் தேதி. சந்தையிலிருந்து ஷேர் ஜீப்பில் வந்தேன். உள்ளே பதினேழு பேர். கடைசியாக ஏறியவர் கதவை இழுத்துச் சாத்தினார். என் கை அங்கே இருந்தது. கதை அவ்வளவுதான்; கரடி, காட்டெருமை எதுவும் இல்லை. சின்னப்பொண்ணு கூட வர, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிச் சேலத்தில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எலும்பு சேர்ந்துவிட்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காது. இரண்டும் பீடத்து மெழுகுவர்த்தி மாதிரி நேராக நிற்கின்றன.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ அழுவாய். ஆசீர்வாதம் மாமா விசேஷ ஜெபம் வைப்பார். வாசலில் செருப்பு மாட்டுகிற இடத்தில் எல்லாரும் "ஐயோ பாவம் நான்சி" என்பார்கள். வாராவாரம் பாவத்தைப் பற்றியே பாடுகிற சபை நம்முடையது. அதில் நானே ஒரு பாவமாகப் போய் உட்கார என்னால் முடியாது.

கிடார்ப் பெட்டியை நான் தொடவே இல்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் திறந்தேன். இலக்கியா சொன்னபடி தடிக் கம்பியை இறக்கிக் கட்டி, ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தேன். பெடல் இல்லாமல் பல் போனவர் பாடுவது போல இருந்தது. மூடிவிட்டேன். மறுநாளும் திறந்தேன். மூன்று வாரமாக மூடுகிறேன், திறக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலும் தாமதம்.

வாங்கிவிடு, அண்ணா.

ஆனால் சபையில் யாருக்கும் தெரியக்கூடாது. பண்டிகைக்கு வாசிக்கிறேனா என்று அக்டோபர் கடைசியில் எழுதுவேன். முடியாது என்று எழுதினால் முடியாதுதான். அப்போது தியாகதுருகம், கல்யாணம் என்று ஆரம்பிக்கக் கூடாது.

அண்ணி, பட்டி நன்றாக ஒட்டுகிறது. அந்த இரண்டு சொல்லை எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான்சி


கள்ளக்குறிச்சி
24.9.2025

என் நான்சிக்கு,

நீ நலமில்லை என்பது தெரிந்த பிறகு நான் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மார்கரெட் இரண்டு ரவிக்கைகளைப் படித்தாள். அவள் படித்ததுதான் படிப்பு. புதுச்சேரியில் முகம் தெரியாத ஒரு பெண் கண்டுபிடித்ததை, கூடப்பிறந்தவன் "சோம்பல்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் முறுக்குத் தின்றுகொண்டு வந்திருக்கிறேன். சோம்பேறி என்று உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. ஜெராக்ஸ்கூட எடுக்காமல் எரித்துவிடுகிறேன்.

அழுதேனா என்று கேட்காதே. கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து குடும்ப அட்டையை நீட்டினார். வெற்றுத் தாளைப் படியெடுத்துக் கொடுத்தேன். "இன்னாங்க, எங்க குடும்பத்தையே காணோம்" என்றார்.

பெடல் வாங்கியாகிவிட்டது. யாருக்கு என்று இலக்கியாவிடம் சொன்னேன். உள்ளே போய் நல்ல அடாப்டராகத் தேர்ந்தெடுத்து வந்தாள். "தெனமும் அர மணி நேரம்தான் சார். வலிச்சா வுட்டுடணும். வுட்டுட்டு அடுத்த நாளு எடுக்கணும்னு சொல்லுங்க" என்றாள். எனக்கு அவளைப் பெரிய டாக்டர் ஆக்கிவிடலாம் போல இருந்தது.

மார்கரெட்டிடம், "மோட்டாரும் கூடவே வாங்கிடறேன்" என்றேன். "என் காலு நல்லாத்தான இருக்குது, மெதிச்சிக்கறேன். மொதல்ல அவளுக்குக் கொண்டும்போய்க் குடு" என்றாள். இந்தப் பெண்மணிக்கும் எனக்கும் எப்படிக் கல்யாணம் நடந்தது என்பது சபைப் பதிவேட்டில் உள்ள பெரிய மர்மம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். உங்கள் மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் நான் வாந்தி எடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். இளவரசன் தனிப் பை தருவதாகச் சொல்லியிருக்கிறான். வருவேன். உன் கையைப் பார்த்து அழமாட்டேன் என்று மார்கரெட்டிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
டேவிட்


வெள்ளிமலை
26.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இந்த முறை நிஜம். வாந்திக்குப் பிறகு உன் உடம்பு தேறிவிட்டதா? நீ எழுதிக் கொடுத்ததை மீறி அழுதாய். நாங்கள் மூன்று பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். சின்னப்பொண்ணுகூட, "ஐயாவுக்கு மல ஒத்துக்கல" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இவ்வளவு நாள் அதைச் சத்தம் போடுகிற பெட்டி என்று நினைத்திருந்தேன். அது கேட்கிற பெட்டி, அண்ணா. கம்பியில் என் நகம் பட்டாலும் கேட்டுவிட்டு ஊருக்கே சொல்லிவிடும். முதல் வாரம் நான் பிடித்த இரண்டு கம்பியைவிடப் பிடிக்காத கம்பிகள்தான் அதிகம் கத்தின. கரகரப்பு கூடக்கூட, சும்மா கிடக்கிற கம்பியெல்லாம் தானும் ஒரு ஆள் என்று எழுந்துவிடுகிறது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், ஜீப்பு வருதா?" என்று கேட்டார்கள். ஜீப் என்றதும் பெடலை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தற்செயலாக நடந்தது. ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து அடித்தேன். மடங்காத இரண்டு விரலும் எங்கே போவதென்று தெரியாமல் கீழே மெல்லிய கம்பிகளின்மேல் சாய்ந்து கிடந்தன. கத்திக்கொண்டிருந்த கம்பிகள் எல்லாம் வாயை மூடின. நடுவில் நான் கேட்ட சத்தம் மட்டும் தனியாக நின்றது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன். மறுபடியும் அப்படியே. நல்ல விரலாக இருந்தால் தூக்கிக்கொண்டிருக்கும், அண்ணா. இவைதான் எழுந்திருக்கத் தெரியாமல் கிடக்கின்றன. அடக்கி வைக்கிற உத்தியோகத்துக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது.

சுண்டுவிரல் கதாநாயகியாக இருந்த அந்த உருப்படி போய்விட்டது. அதற்காக ஒரு நாள் அழுதேன். வேறு ஒன்று செய்திருக்கிறேன். மெதுவாகப் போகும். சுரம் குறைவு. நீட்டல் ஜாஸ்தி. பண்டிகைக்கு வருகிறேன். நடுவில் நின்றுபோனாலும் நீ கீபோர்டில் இருந்து கையை எடுக்காதே.

கையை மறைக்கமாட்டேன். நீங்களும் விளக்கம் சொல்லக்கூடாது.

தங்கை,
நான்சி


கள்ளக்குறிச்சி
18.11.2025

மகாகனம் பொருந்திய என் தங்கைக்கு,

வீடு போய்ச் சேர்ந்தாயா? நாங்கள் நலம், நல்ல நலம். என் சர்க்கரைகூட இரண்டு நாளாக மரியாதையாக இருக்கிறது.

மேடையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த உனக்குக் கீழே நடந்தது எதுவும் தெரியாது. அதை எழுதத்தான் இது.

நீ முதல் அடி அடித்ததும் முன்வரிசையில் ஏலத்தில் எடுத்த பூசணியை மடியில் வைத்திருந்த பெரியவர், பூசணியை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை. பெண்கள் பக்கம் விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஆசீர்வாதம் மாமா முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை; ஆனால் மூன்றாம் சரணத்திலிருந்து எதையும் அழுத்தவில்லை. உன் சத்தம் போதுமானதாக இருந்தது. என்னுடையது நடுவில் வந்தால் நானே என்னை அடித்திருப்பேன்.

கடைசிச் சுரத்தை நீ நீட்டிப் பிடித்தாயே, அங்கேதான் வேடிக்கை. பாட்டு முடிந்ததென்று போதகர் எழுந்து "ஜெபிப்போ..." என்றார். சத்தம் நிற்கவில்லை. உட்கார்ந்தார். குறைகிறது என்று மறுபடி எழுந்தார். நீ கம்பியை லேசாக அசைத்தாய், அது திரும்பி வந்தது. மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் முறை எழவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அவர் அன்று ஜெபம் செய்யவே இல்லை, நான்சி. யாரும் கேட்கவும் இல்லை. முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

இத்தனை வருடம் உன்னோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ வேகமாக வாசித்தபோதெல்லாம் "எப்படி வாசிக்கிறாள்" என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று முன்தினம் அதைப் பார்க்க மறந்து, பாட்டைக் கேட்டேன். இதற்குமேல் எழுதினால் எழுத்து நனையும்.

இப்போது தலைபோகிற சேதி. நீ பஸ் பிடிக்கப் போன பிறகு வடக்கனந்தல் சந்தியா வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணா, அக்கா அந்த ரெண்டு வெரலையும் நேரா நீட்டி வெச்சிக்கினே வாசிக்கிறாங்களே, அது இன்னா டெக்னிக்? நானும் எல்லாத்தையும் தேடிப் பாக்கறேன், எங்கியும் இல்லியே!" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மார்கரெட் என் காலை மிதித்தாள். (மோட்டார் இல்லாமலே அந்தக் காலில் அவ்வளவு பலம்.) "அது மலையில கத்துக்கினது" என்று சொல்லி வைத்தேன்.

இன்று கடைக்கு வந்திருந்தாள். இரண்டு விரலையும் ஐஸ் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறாள். நன்றாக மடங்குகிற, தங்கமான விரல்கள்! "பழக்கம் வர்ற வரைக்கும் குச்சி இருக்கட்டும்ண்ணா, இல்லாங்காட்டி மடங்கிப்பூடுது" என்கிறாள். அவளோடு வந்த இன்னொரு பெண்ணும் குச்சி கேட்கிறாளாம். இப்படியே விட்டால் கிறிஸ்மஸுக்குள் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மடங்குகிற விரலோடு ஒரு கிடார்க்காரரும் மிஞ்சமாட்டார். ஜெராக்ஸ் எடுப்பவன் நான். எனக்கே இது தாங்கவில்லை.

விளக்கம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். என்ன செய்ய? உடனே எழுது.

உன் விசிறி,
டேவிட்


வெள்ளிமலை
23.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சின்னப்பொண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். குச்சி வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. நானும் சிரித்தேன். ஜூலைக்குப் பிறகு இந்தக் கையைப் பார்த்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். குச்சியை மட்டும் முதலில் கழற்றச் சொல். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் இறங்கி நேரே வடக்கனந்தல் சபைக்குப் போகிறேன். ஆராதனை முடிந்ததும், எல்லாரும் இருக்கும்போதே சந்தியாவிடம் கையைக் காட்டி, இது டெக்னிக் இல்லை, ஜீப் கதவு என்று நானே சொல்லிவிடுகிறேன்.

பெடலையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ கரண்டுக்கு ஒரு நீள ஒயர் மட்டும் கொண்டு வா. "ஐயோ பாவம்" என்று யாராவது ஆரம்பித்தால் பதினொன்றாம் எண்ணில் வைத்து மிதித்துவிடுவேன். பதினெட்டு எண்ணுகிறவரை யார் என்ன சொன்னாலும் கேட்காது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

நான்சி